எண்ணெய் உறையணும், தண்ணி உறையக் கூடாது

தில்லிக்கு வந்த முதல் டிசம்பர். தலைக்கு வைக்கலாமென்று தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்க்கிறேன், ஒரு சொட்டு வரவில்லை. தட்டினேன், உதறினேன், "சனியனே" என்று திட்டியும் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டியாகிக் கிடந்தது. எனக்குத்தான் பொறுமை பிறவியிலேயே கிடையாதே. அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லின் மேல் பாட்டிலை நிறுத்திவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் பாட்டிலின் அடி உருகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. வீடெல்லாம் புகை.

அந்தப் புகையைப் பார்த்துத்தான் எதிர்வீட்டு அக்கா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், சாக்ஸுக்கு மேல் ஹவாய் செருப்பு. வந்தவள் அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏளா, எண்ணெய்க்கு மட்டுந்தான் உருகத் தெரியும்னு நெனச்சியா? பிளாஸ்டிக்குக்கும் தெரியும்லா?"

எனக்குச் சுருக்கென்றது. யார் இவள், பெயர்கூடத் தெரியாது, வந்ததும் வராததுமாக "ஏளா" என்கிறாள். "ஊர்ல எங்களுக்கு இப்படியெல்லாம் உறைஞ்சு பழக்கமில்லைங்க" என்றேன் வெடுக்கென்று. மதுரைக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா.

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தன் வீட்டுக்குப் போய்ச் சின்னதாக ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். ஹோமியோபதி மாத்திரை வரும் குப்பி. உள்ளே உறைந்த எண்ணெய். "இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு சும்மா நில்லு" என்றாள். நின்றேன். கொஞ்ச நேரத்தில் விரலைப் பிரித்துப் பார்த்தால், எண்ணெய் தெளிந்து தண்ணீராய் ஆடுகிறது.

"இம்புட்டுத்தான். உன் உடம்புச் சூடே போதும் இதுக்கு. அடுப்பு எதுக்கு?"

அப்படித் தொடங்கியது எங்கள் பழக்கம். கிட்வாய் நகரின் பழைய அரசுக் குடியிருப்பு அது. மாடிக்கு இரண்டு வீடு. நடுவில் இருந்த நடையில் அவள் வீட்டுச் செருப்பும் எங்கள் வீட்டுச் செருப்பும் கலந்தே கிடக்கும். அக்காவுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு கல்யாணம். மாமன் மகன், மத்திய அரசில் குமாஸ்தா. படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை என்று அவள் அழுது நான் பார்த்ததில்லை. சமையலறையையே அவள் சோதனைக்கூடமாக்கியிருந்தாள். "அப்படியா? செஞ்சு பாத்தியா?" இதுதான் அவள் வாயில் எப்போதும் இருக்கும் கேள்வி. பார்க்கவில்லை என்றால், "அப்பம் சொல்லாத. பாக்காம சொல்லாத" என்று முடித்துவிடுவாள். யாரிடம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. காலனிச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறாள். கோயிலில் வைத்து அர்ச்சகரிடமே ஒரு தடவை சொல்லிவிட்டாள், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஜனவரியில் அவள் வீட்டில் ரஜாய், அந்தக் கனத்த பஞ்சுப் போர்வை, தயிருக்குத்தான். பால் உறை ஊற்றிய பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி மூடிக் கட்டிலின் நடுவில் வைத்திருப்பாள். அவள் வீட்டுக்காரர், அந்த அண்ணன், ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் குறுகிக் கிடப்பார். "என்னக்கா, பாவம்" என்றால், "அவியளுக்கு உள்ளேயே சூடு இருக்குளா. பாலுக்கு ஏது? கெடச்ச சூட்டைப் போகவிடாம பிடிச்சு வச்சாத்தான் அது தயிராகும்" என்பாள். அண்ணன் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பார்.

எங்கள் வீட்டுப் பீரோவில் போட்ட அந்துருண்டைகள் ஒருமுறை காணாமல் போய்விட்டன. வேலைக்கு வரும் பெண்தான் எடுத்திருப்பாள் என்று என் வீட்டுக்காரர் ஒரே சத்தம். அக்கா வந்து பீரோவுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். "திருடன் உள்ளதான் இருக்கான். காத்தா மாறிட்டான். இது தண்ணியாவாம நேரே காத்தாப் போயிரும், தம்பி" என்றாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "இவிய உங்கிட்ட மாஃபி கேக்கப் போறாவ" என்று இந்தியும் தமிழுமாகச் சொல்லிவிட்டு நகராமல் நின்றாள். மன்னிப்புக் கேட்காமல் தப்பிக்க முடியுமா? கேட்டார்.

மூலக்கூறு என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. பயலுவ என்பாள். "எல்லாப் பொருளுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத பயலுவ இருக்கானுவ. சூடு பட்டா ஆடுவானுவ, ஓடுவானுவ. குளுந்தா ஒருத்தனை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவானுவ. வேற ஒரு ரகசியமும் கெடையாது." கேட்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். ஒருநாள் அந்தப் பயல்களை நம்பித்தான் அவள் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயிலேறப் போகிறாள் என்று எனக்கு என்ன தெரியும்?

அவளுக்கு ஒரே மகள், பவி. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பாதி, இந்தி பாதி. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பிள்ளை மெலிந்துகொண்டே போனது. எந்நேரமும் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தது. ஒருநாள் பள்ளியிலேயே மயங்கி விழுந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை, பிஞ்சு உடம்பில் வருகிற வகை. நாள் தவறாமல், வேளை தவறாமல் இன்சுலின் ஊசி, ஆயுசுக்கும். மருந்து குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கெட்டுப்போனது வெளியே தெரியாது. போட்ட பிறகு பிள்ளை உடம்புதான் சொல்லும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஃபிரிட்ஜ்தான் சாமி. அதைச் சுற்றித்தான் பவியின் வாழ்க்கை. பள்ளிச் சுற்றுலாவா, வேண்டாம், மருந்து கெட்டுவிடும். தோழி வீட்டில் தங்குவதா, வேண்டாம். இதெல்லாம் அக்கா சொன்னதில்லை, மற்ற எல்லாரும் சொன்னார்கள். பள்ளியில் சொன்னார்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், அந்த அண்ணனும் சொன்னார். கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை, யாரும் சொல்வதற்கு முன்னால் தானே "நான் வரலை" என்று சொல்லப் பழகிக்கொண்டது. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

இந்த நிலைமையில் வந்தது அக்காவின் தம்பி கல்யாணம். வைகாசியில், ஊரில். தில்லித் தமிழனுக்குத்தான் தெரியும், மே மாதத்தில் ஊர் வண்டிக்கு ஏசி டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தது சாதா ஸ்லீப்பர். ஆக்ரா, ஜான்சி, நாக்பூர் என்று அனல் அடிக்கிற வழி முழுவதும் ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு போகிற பெட்டி. அந்த அண்ணன் தீர்மானமாகச் சொன்னார்: "நீ போயிட்டு வா. நானும் பவியும் இங்கன இருக்கோம்."

ஊரிலிருந்து வந்த போன் இன்னும் மோசம். "பிள்ளையக் கூட்டிட்டு வரணுமா? பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால ஊசியும் கையுமா..." என்று யாரோ ஒரு பெரியம்மா இழுத்தாள். அக்கா, "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எம் பிள்ளை வருவா. வைங்க போனை" என்றாள்.

பவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மா, நான் வரலை. நான் வந்தா எல்லாருக்கும் டென்ஷன். நீ போ, மா."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. குரலை உயர்த்தவில்லை. "ஃபிரிட்ஜு மருந்துக்குத்தான்ட்டி. உனக்கு இல்ல" என்றாள்.

மறுநாளே தெருவோரக் குயவனிடம் போய்ச் சின்னதாக ஒரு மட்கா வாங்கிவந்தாள். தில்லிக்காரர்கள் தண்ணீர் குளிர வைக்கிற மண்பானை. பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துப் பானையைச் சுற்றிக் கட்டினாள். உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் மருந்து இல்லை. இரண்டு ஹோமியோபதிக் குப்பிகள். ஒன்றில் உறைந்த தேங்காயெண்ணெய், ஒன்றில் தண்ணீர்.

"என்னக்கா இது, பிள்ளைக விளையாட்டு மாதிரி?"

"இதுதாம்ளா என் தெர்மாமீட்டர். எண்ணெய் வெள்ளையா இருந்தா சூடு ஏறலைன்னு அர்த்தம். தண்ணி தண்ணியா இருந்தா குளிர் மிஞ்சலைன்னு அர்த்தம். எண்ணெய் உறையணும், தண்ணி உறையக் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எம் பிள்ளை மருந்து உயிரோட இருக்கும்."

தோசைக்கல்லில் பாட்டில் வைத்தவள் நான், எனக்கு என்ன பேச்சு?

முதல் சோதனை தோற்றது. அனல் படக்கூடாது என்று பானையை உள்ளறையில், ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, இருட்டில் வைத்தாள். மத்தியானத்துக்குள் எண்ணெய் உருகிவிட்டது. அடுத்து ஃப்ரீஸரில் இருந்து ஐஸைப் பெயர்த்து ஃபிளாஸ்க்கில் அடைத்து அதன் நடுவில் குப்பிகளைச் செருகினாள். தண்ணீர்க் குப்பி உறைந்து விரிசல் விட்டுவிட்டது. "அது மருந்தா இருந்திருந்தா?" என்றார் அண்ணன். "அதுக்குத்தான அத்தான் தண்ணிய வச்சுப் பாக்கேன்" என்றாள் அக்கா. நானும் அண்ணன் பக்கம்தான் பேசினேன். எதுக்குக்கா வீம்பு, பிள்ளை விஷயம் என்றேன். அவள் உடைந்த குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள். "ஏளா! நாம கிறுக்கச்சிய! பானைக்குக் காத்துல்லா வேணும்! காத்தடைச்ச ரூம்புல எப்படி ஆவி போவும்?"

மறுநாள் பானை பால்கனிக்குப் போனது. தில்லியில் மே மாதம் லூ என்று ஒரு காற்று அடிக்கும், முகத்தில் அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு ஒளிவார்கள். அக்கா பானையை அந்தக் காற்றின் வாயிலேயே வைத்தாள். எனக்குப் பதறியது. மத்தியானம் துணியை விலக்கித் தொட்டுப் பார்த்தேன், பானை ஜில்லென்றிருந்தது! குப்பியை எடுத்தால் எண்ணெய் கல்லு மாதிரி வெள்ளை.

"தண்ணிக்குள்ள துடிப்பான பயலுவ எல்லாம் சூட்டை எடுத்துக்கிட்டு காத்தோட ஓடிருவானுவ. மிச்சம் இருக்கவன் அமைதியான பயலுவ. அதான் குளுந்து போவுது. அனல் காத்து எம்புட்டு அடிக்கோ அம்புட்டு நல்லது" என்றாள். எந்தக் காற்றுக்குப் பயந்து பிள்ளையைப் பூட்டி வைத்தார்களோ, அந்தக் காற்றையே வேலைக்கு வைத்துவிட்டாள் பாவி.

ஒருநாள் அவள் வெளியே போக வேண்டியிருந்தது. துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு அண்ணனுக்கு. அவர் தூங்கிவிட்டார். எழுந்து பார்த்தால் துணி காய்ந்து, எண்ணெய் உருகிக் கிடக்கிறது. மனுஷன் பயந்துபோய்க் குப்பியை ஃபிரிட்ஜில் வைத்து உறைய வைத்து, அக்கா வருவதற்குள் டப்பாவில் பழையபடி போட்டுவிட்டார். "வெள்ளையாத்தான் இருக்கு, பாரு" என்றார். அக்கா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அத்தான், நான் தந்தது நின்னுக்கிட்டு உறைஞ்ச எண்ணெய். குப்பியை நிறுத்தி உறைய வச்சு, படுக்கப் போட்டுல்லா டப்பால வச்சேன். இது படுத்துக்கிட்டே உறைஞ்சிருக்கு. நடுவுல ஒரு தடவை உருகியிருக்கு."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து நானும் பவியும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பவி அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் போகாதே என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவரே அழைத்துப் போனார். டாக்டர் முதலில், "மே மாசத்துலயா? மத் ஜாயியே, பஹன்ஜி" என்றாராம், போகவேண்டாமென்று. அக்கா மட்காவையும் குப்பிகளையும் மேஜைமேல் வைத்ததும் குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, மருந்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், வழியில் அடிக்கடி விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம்.

நானும் அதே வண்டியில் மதுரைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். நிஜாமுதீன் ஸ்டேஷனில் ஏறும்போது அக்காவின் ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் மருந்து டப்பா வைத்த பானை. அண்ணனும் கூடவே ஏறினார். பவி மேல் பெர்த்தில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஆக்ரா தாண்டியதும் பெட்டி முழுக்க ஜன்னல் கதவுகளை இறக்கினார்கள். எங்கள் ஜன்னல் மட்டும் திறந்தே இருந்தது. எதிர் பெர்த்தில் ஒரு மீசைக்காரர், குவாலியர்க்காரர். "பஹன்ஜி, கிட்கி பந்த் கரோ! லூ லக் ஜாயேகி!" என்று ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சத்தம் போட்டார். அக்கா அவர் கையைப் பிடிக்காத குறையாகப் பானையைத் தொடவைத்தாள். தொட்டவர், "அரே வா!" என்றார். பிறகு தன் தலைப்பாகையை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இறங்குகிற வரைக்கும் அவரே துணிக்குத் தண்ணீர் தெளித்தார். எண்ணெய் வெள்ளையாகவே இருந்தது. நாக்பூர் வரை அக்கா ஜன்னலைவிட்டு நகரவில்லை. அனல் முழுவதும் அவள் முகத்தில்தான். பானையை நனைத்துக்கொண்டே இருந்தவள், தான் ஒரு வாய் தண்ணீர் குடித்தாளா என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை விஜயவாடா தாண்டியதும் காற்று மாறிவிட்டது. அனல் போய்ப் புழுக்கம். உட்கார்ந்த இடத்தில் வேர்வை ஊற்றுகிறது, ஆனால் காயவில்லை. பானைத் துணியும் காயவில்லை. அக்கா எழுந்திருக்கவே இல்லை. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. கண்ணைத் திறக்கிறாள், மூடுகிறாள், நாக்கு குழறுகிறது. அண்ணன், "ஏ, என்ன செய்யுது? என்ன செய்யுது?" என்று அதையே கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவள் வாயில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பானைக்குள் கைவிட்டுக் குப்பியை எடுத்தேன். எண்ணெயின் ஓரமெல்லாம் தெளிந்து, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் தீவு. தாய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். எதைப் பார்ப்பேன் நான்?

வண்டி ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்றது. அண்ணன் இறங்கி ஓடி, குளிர்பானக்காரனிடம் கெஞ்சி ஒரு துண்டு நிறைய ஐஸ் கொண்டுவந்தார். பாளமாகக் கெட்டியாகப் புகைந்துகொண்டிருந்தது. நான் மருந்து டப்பாவை எடுத்து அதற்குள் செருகப் போனேன்.

"ஆன்ட்டி, ருக்கோ!"

நிறுத்தச் சொல்லி மேல் பெர்த்திலிருந்து பவி. ஏணியில் காலே வைக்காமல் குதித்தாள்.

"இது வேணாம் ஆன்ட்டி. உருகாத ஐஸ் டேஞ்சர். உருகுற ஐஸ்தான் வேணும்."

ஐஸை டம்ளரால் உடைத்தாள். ஃபிளாஸ்க்கில் போட்டாள், தண்ணீரை ஊற்றினாள், குலுக்கினாள். அப்புறம் தண்ணீர்க் குப்பியை மட்டும் உள்ளே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சீக்கிரம்டி, ஜல்தி!" என்கிறேன். அந்தப் பிள்ளை அசையவில்லை. அப்படியே தாயின் பிடிவாதம். "மொதல்ல தண்ணி போகும். அது உறையலைன்னாதான் மருந்து போகும்" என்றாள். குப்பியை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஆடியது. அப்புறம்தான் எண்ணெய்க் குப்பியையும் மருந்தையும் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். "உள்ள ஐஸ் துண்டு மிதக்கிற வரைக்கும் இந்தத் தண்ணி சூடாகாது ஆன்ட்டி. வர்ற சூடெல்லாம் ஐஸை உருக்கவே செலவாகிடும். அம்மா சொல்லியிருக்காங்க. அது தீர்றதுக்குள்ள அடுத்த ஐஸ் வாங்கிடணும்."

மிச்ச ஐஸைத் துண்டில் சுற்றித் தாயின் கழுத்திலும் அக்குளிலும் மாறி மாறி வைத்தாள். சேலையை நனைத்தாள். "பப்பா, நிக்காதீங்க, விசிறுங்க" என்று அப்பாவை அதட்டினாள். உப்பும் சர்க்கரையும் கரைத்து வாய் வாயாகக் கொடுத்தாள். எப்போதும் "நான் வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளையா இது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சென்னை வரும்போது அக்காவுக்குக் கண் தெளிந்தது. முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை.

"எண்ணெய்?"

"வெள்ளை, மா."

"தண்ணி?"

"தண்ணி."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்தது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன், அதில் என்ன வெட்கம்?

கல்யாணத்தில் பவி பட்டுப்பாவாடையோடு பந்தியில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட்டாளாம். பெண் வீட்டுக்காரர்கள் பார்த்தார்களாம். பார்க்கட்டுமே!

கிட்வாய் நகரின் பழைய வீடுகளை இடித்தபோது அக்கா வீட்டார் ஜனக்புரிக்கு வாடகைக்குப் போனார்கள். நான் மெட்ரோ பிடித்து அடிக்கடி போவேன். பவி கல்லூரிக்குப் போனாள். கடைசி வருஷக் குளிர்காலத்தில் அவள் தோழிகள் லடாக் போகக் கிளம்பினார்கள், உறைந்த ஆற்றின் மேல் நடக்க. பவி தானும் போகிறேன் என்றாள்.

நம்பமாட்டீர்கள், அக்கா "வேண்டாம்" என்றாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "அங்க எல்லாம் உறைஞ்சு போவும்ட்டி. மருந்து ஒரு தடவை உறைஞ்சா முடிஞ்சுது. சூட்டை நான் பாத்துக்கிடுவேன். அந்தக் குளிருக்கு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது." அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

பவி தாயின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "பாத்தியா மா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாக்காம சொல்லாத, மா."

நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னை முறைத்தாள். பிறகு எழுந்து போய்த் தையல் பெட்டியை எடுத்துவந்தாள். கம்பளி பனியனின் உட்புறம், நெஞ்சோடு ஒட்டினாற்போல் ஒரு பை தைத்தாள். தண்ணீர்க் குப்பியை அதில் போட்டுத் தானே மாட்டிக்கொண்டு, மூடுபனி கொட்டும் ஜனவரி விடியலில் பார்க்கைச் சுற்றினாள். அது போதாதென்று ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரைத் திறந்துபோட்டு அதன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கரண்ட் பில்லை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் உறையவே இல்லை. கடைசியில், மருந்தையும் குப்பியையும் அந்தப் பையிலேயே வைக்கச் சொல்லிப் பனியனை மடித்துப் பவியிடம் கொடுத்து, "கழட்டாத. தூங்கும்போதும் கழட்டாத. உன் உடம்புச் சூடே போதும்" என்றாள்.

போன பிறகு அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. ஒரு நாள் முழுக்கப் போன் இல்லை. நான் துணைக்கு ஜனக்புரி போனேன். அக்கா சமைக்கவில்லை, போனை உள்ளங்கையில் மூடிப் பிடித்தபடி பால்கனியில் நின்றாள். எப்படியோ சிக்னல் கிடைத்துச் சாயங்காலம் மணி அடித்தது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள். அந்தப் பக்கம் ஒரே காற்றுச் சத்தம்.

பத்திரமா, சாப்பிட்டியா என்றெல்லாம் அக்கா கேட்கவில்லை.

"எண்ணெய்?" என்றாள்.

"அது தில்லியிலயே கல்லாயிடுச்சு, மா!" பவி சிரிக்கிறாள். "இங்க ஆறே கல்லு மாதிரி இருக்கு. நான் அது மேல நிக்கிறேன்!"

"தண்ணி?"

காற்றோடு துணி உரசும் சத்தம். கோட்டை அவிழ்க்கிறாள், பனியனுக்குள் கைவிடுகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது. பிறகு போனுக்குப் பக்கத்தில், அத்தனை காற்றுக்கும் நடுவில், ஒரு குட்டிக் குப்பி குலுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"தண்ணி, மா" என்றாள் பவி.

"ஆவட்டும்" என்றாள் அக்கா. "நீ நடளா."